பால் சீட்டைக் கொடுக்க வந்த அண்ணனுக்கு

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அம்மா நேற்று வீட்டுக்கு வந்தாச்சு. ஆரத்தி சுற்றி முடிப்பதற்குள் வாசலில் பாதி ஊர் கூடிவிட்டது. நடந்தது உங்களுக்கெல்லாம் என்னைவிட நன்றாகவே தெரியும். நான் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்ததே மூன்றாம் நாள்தான். புதன்கிழமை திரும்பக் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்ல நேரமில்லை. வந்தாலும் பேச்சு வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

முதலில், பால் சொசைட்டியில் பாலைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் டெஸ்டர் அண்ணனுக்கு.

அண்ணா, அம்மா சீட்டை மறக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மிஷினிலிருந்து சீட்டு வந்ததும் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்ட பிறகுதான் அவருக்கு அடுத்த வேலை. பில் போடும் நாளில் அத்தனை சீட்டையும் தரையில் பரப்பிக் கூட்டிப் பார்ப்பார். அன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டுச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டார். வேறு யாராவது விட்டிருந்தால் ஆணியில் குத்தி வைத்துச் சாயங்காலம் கொடுத்திருப்பேன் என்று சொன்னீர்கள். அன்றைக்கு என்னவோ உங்களுக்கு மனசு கேட்கவில்லை. கூட்டம் குறைந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு, ஒரு விரல் நீளக் காகிதத்தைக் கொடுப்பதற்காக எங்கள் வீடு வரைக்கும் வந்தீர்கள். திண்ணையில் அம்மா வாய் ஒரு பக்கம் கோணி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி கேன் உருண்டு கிடந்தது.

யாரோ காப்பித் தண்ணி கொண்டு வந்தபோது, "ஒண்ணும் குடுக்காதீங்க, புரையேறிரும்" என்று தடுத்தது நீங்கள்தான். முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டலாம் என்ற பேச்சு வந்ததாம். "ஸ்கேன் இருக்கற இடத்துக்கே போயிரலாமுங்க" என்று ஒற்றைக் காலில் நின்று, வெள்ளோடு வழியாக ஈரோட்டுக்கு நேராகப் போகச் சொன்னதும் நீங்கள்தான். சொசைட்டியை அப்படியே செக்ரட்டரியிடம் விட்டுவிட்டுக் காரில் கூடவே ஏறிக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்பதுதான். பக்கவாதத்தில் அந்த நேரத்தை வைத்துத்தான் கணக்கு. அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாம், அதுவும் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. தனியாக இருக்கிற வயதானவர்கள் விஷயத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காதாம். நீங்கள் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறீர்கள். உறுப்பினர் எண், 4.6 லிட்டர், கொழுப்பு 4.1, காலை 6.12. "இந்த நேரத்துக்குக் கேனைத் தூக்கி ஊத்திட்டு, எங்கூடப் பேசிட்டுத்தானுங்க போனாங்க." 8.50க்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உங்கள் மாமனாருக்கு இதேபோல் ஆனபோது, டாக்டர் இதே கேள்வியைக் கேட்டு, வீட்டில் ஒருத்தருக்கும் பதில் தெரியாமல் நின்றதைச் சொன்னீர்கள். அதற்கு மேல் நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குளிர்காலத்தில் ஜெர்மனிக்கும் இந்த ஊருக்கும் சரியாக நாலரை மணி நேர வித்தியாசம். டாக்டர் வாயால் "நாலரை மணி நேரம்" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அம்மா பால் ஊற்றிய 6.12, எனக்கு நள்ளிரவு 1.42. போனைச் சைலன்டில் போட்டுவிட்டுப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டு அண்ணன் பதினொரு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் எடுத்தபோது ஸ்கேன் முடிந்திருந்தது. "ஊசி போட்டா சிலருக்கு மூளையில ரத்தக்கசிவு வரலாம், சம்மதமா?" என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன். அடுத்து, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க? ரத்தம் உறையாம இருக்க ஏதாவது எடுக்கறாங்களா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகளுக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகளின் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் எந்த ஊசி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அம்மாவின் பிரஷர் மாத்திரைக்குப் பெயர் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா எங்கள் சமையலறைக்கு ஓடி, கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்த மாத்திரை அட்டைகளை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக போனில் படித்தார்.

அந்த அக்காவுக்கும், கார் ஓட்டிய தம்பிக்கும், கையெழுத்துப் போட்டு முதல் இரண்டு இரவும் ஐ.சி.யூ. வாசலில் படுத்திருந்த பெரியப்பா வீட்டு அண்ணனுக்கும், இட்லியும் ரசமும் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும், முகம் சுளிக்காத நர்ஸ் பிள்ளைகளுக்கும், கையைப் பிடித்து நடக்கப் பழக்கிய பிசியோ தம்பிக்கும் நான் என்றைக்கும் கடன்பட்டவள். அப்புறம் மாடு. நான் வந்தபோது பட்டிப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த சிவப்பு அப்படியே இருந்தது, கட்டுத்தறி கூட்டிச் சுத்தமாக இருந்தது. யார் யார் முறை வைத்துப் பால் கறந்தார்கள் என்று இன்னும் எனக்கு முழுதாகத் தெரியாது. பன்னிரண்டு நாளும் பால் அம்மாவின் நம்பரிலேயே ஊற்றப்பட்டிருக்கிறது. ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை.

இனி நான் செய்யப்போவதை இங்கேயே எழுதி வைக்கிறேன், நீங்கள் கேட்க வசதியாக இருக்கும். அம்மாவின் மாத்திரைப் பெயர், அளவு, ஒவ்வாமை, டாக்டர் நம்பர், என் நம்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டியாச்சு. அதன் நகல் என் பர்ஸிலும் எதிர்வீட்டு அக்காவிடமும் இருக்கிறது. அம்மாவின் அழைப்பும் உங்களில் ஏழு பேரின் அழைப்பும் என் போனில் இனிச் சைலன்டிலும் அடிக்கும். சொசைட்டியிலிருந்து வந்ததும் அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நடுராத்திரி ஆனாலும் சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து நானே செக்கப்புக்குக் கூட்டிப்போவேன். வாங்கி அனுப்பும் சாக்லேட்டைவிட அதுதான் அவருக்கு வேண்டியிருக்கிறது.

அண்ணா, அந்தச் சீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் என்றீர்கள். சென்னிமலையில் மூன்று ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். இன்று காலை அம்மா இடது கையால் சுருக்குப்பையைத் திறந்து, இன்னும் கொஞ்சம் குழறும் நாக்கோடு கேட்டார்: "அன்னைக்குச் சீட்ட மட்டும் காணமே கண்ணு, கணக்கு இடிக்குமே?" ஒரு ஜெராக்ஸை நாலாக மடித்துக் கொடுத்தேன். பிரித்துக் கொழுப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.