மின்னியக்கவியலை எங்கே தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் போதும், மின்புலமும் காந்தப்புலமும் பற்றிய மின்னியக்கவியலைத் தாங்களாகவே படிக்கக் கிளம்பும் பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் என்னிடம் வந்து எந்தப் புத்தகம் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வெக்டார் கால்குலஸில், அதாவது அளவோடு திசையும் கொண்ட புலங்களுக்கான நுண்கணிதத்தில், கை ஓடுகிறதா என்று பாருங்கள் என்பேன்.

இத்துறைக்கு அடிப்படையான மாக்ஸ்வெல் சமன்பாடுகள் நம் பிளஸ் டூ பாடநூலிலேயே தொகையீட்டு வடிவில் இருக்கின்றன. கல்லூரியில் அவையே டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே பரவும் அளவு), கர்ல் (அங்கே புலம் சுழலும் அளவு) என்று உருமாறி வரும்போதுதான் பலர் திணறிப்போய் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இரண்டு வடிவங்களையும் இணைப்பவை காஸ் தேற்றமும் ஸ்டோக்ஸ் தேற்றமும்தான். ஒரு கன அளவுக்குள் உள்ள டைவர்ஜென்ஸின் மொத்தம் அதன் மேற்பரப்பு வழியே வெளியேறும் புலத்தின் மொத்தத்துக்கு, அதாவது பாயத்துக்குச் சமம் என்பது காஸ் தேற்றம்; ஒரு பரப்பின் மீதுள்ள கர்லின் மொத்தம் அதன் விளிம்பைச் சுற்றிப் புலத்தைத் தொகையிட்டால் வருவதற்குச் சமம் என்பது ஸ்டோக்ஸ் தேற்றம். முதலாவதை ஒரு கனசதுரத்துக்கும் அடுத்ததை ஓர் அரைக்கோளத்துக்கும் கையால் போட்டு, இரு பக்கமும் ஒரே விடை வருகிறதா என்று சரிபார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு கணக்கை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. புள்ளி மின்னூட்டத்தின் புலம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது இல்லையா, கோள ஆயங்களில் அதற்கு டைவர்ஜென்ஸ் கண்டால் சுழி வரும். ஆனால் மின்னூட்டத்தைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து பாயத்தைக் கணக்கிட்டால் சுழி வராது, கோளத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மதிப்புதான். அப்படியானால் காஸ் தேற்றம் பொய்யா? இல்லை, சுழி என்ற விடை மையப்புள்ளிக்குச் செல்லாது, பாயம் முழுவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒரே புள்ளியில் மட்டும் குவிந்து மற்ற எங்கும் சுழியாக இருக்கும் டிராக் டெல்டா சார்பு எதற்காக வேண்டியிருக்கிறது என்பது இந்த இடத்தில் தானாக விளங்கும்.

கூடவே, மின்னூட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்தத்தைத் தரும் லாப்லாஸ் சமன்பாட்டை மாறிகளைப் பிரித்துத் தீர்க்கவும் பழக வேண்டும். கையில் கிடைக்கும் நூல் எஸ்.ஐ. அலகில் (மீட்டர், கிலோகிராம்) இருக்கிறதா, காஸியன் அலகிலா (சென்டிமீட்டர், கிராம்) என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், 4π இடம் மாறி மாறி வந்து குழப்பும்.

தனியாகப் படிக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் ஆலிவர் ஹெவிசைடைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 16 வயதில் பள்ளியை விட்டு, தந்தி இயக்குபவராக வேலை பார்த்த இங்கிலாந்துக்காரர். 1873இல் வெளிவந்த மாக்ஸ்வெல்லின் பெருநூலை எடுத்தபோது அதைப் படிக்கும் அளவுக்கு அவருக்குக் கணிதம் தெரியாது. அவர் விடவில்லை, முதலில் கணிதத்தைக் கற்றார், அதற்கே சில ஆண்டுகள் பிடித்தன. மாக்ஸ்வெல் 1865 கட்டுரையில் 20 சமன்பாடுகளாக எழுதியதை, நாம் இன்று எழுதும் நான்கு வெக்டார் சமன்பாடுகளுக்கு 1880களில் கொண்டுவந்தவர் அவர்தான்.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இந்தக் கோடை முழுக்க வாரம் ஒரு வெக்டார் கணக்கை, இடையில் ஒரு படிகூட விடாத தீர்வோடு தமிழில் வெளியிட வேண்டுகிறேன். எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருச்சி