இரண்டு தட்டுகளும் தேவைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் சம் 41 இசைக்குழு விடைபெற்றதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அக்குழுவின் கடைசி ஆல்பமான 'ஹெவன் எக்ஸ் ஹெல்' ஒரே தட்டில் அடங்கியிருக்க வேண்டியது என்றும், 20 பாடல்கள் மிகை என்றும் கூறியிருந்தது. இதில் எனக்கு உடன்பாடில்லை.

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த அந்த ஆல்பத்தின் முதல் தட்டு, இவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த துள்ளலான பாப்-பங்க். இரண்டாவது, கிதார்கள் இடியாய் இறங்கும் ஹெவி மெட்டல். இப்பிரிவினையைத் தடுமாற்றம் என்று எழுதியவர், 2001-இல் வந்த 'ஆல் கில்லர் நோ ஃபில்லர்' ஆல்பத்தைக் கடைசிவரை கேட்கவில்லை போலும். 'ஃபேட் லிப்' பாடலால் உலகறிந்த அந்த ஆல்பம், எண்பதுகளின் மெட்டல் குழுக்களைக் கேலியும் பாசமுமாய்ப் போலச்செய்யும் 'பெயின் ஃபார் பிளெஷர்' என்ற குறும்பாடலோடுதான் முடிகிறது. பாடியவர் அன்றைய டிரம்ஸ் கலைஞரே. அங்கே விளையாட்டாகத் தொட்டதை 2004-இன் 'சக்' ஆல்பத்தில் முழுமூச்சாகவே செய்தார்கள். 2006-இல் விலகி 2015-இல் திரும்பிய டேவ் பாக்ஷின் கிதார், இரண்டாம் தட்டில் அந்த நாள்களை அப்படியே நினைவூட்டுகிறது. ஆக, ஒரே குழுவுக்குள் தொடக்கம் முதலே ஓடிய இரண்டு ஓட்டங்களையும் கலக்காமல் தனித்தனியே தந்துவிட்டுப் போனதைக் குறையாக எப்படிக் கொள்வது?

பழைய ரசிகர்களின் ஏக்கத்தைக் காசாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது. முதல் தட்டின் 'லேண்ட்மைன்ஸ்', அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆல்டர்நேட்டிவ் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'ஃபேட் லிப்' பிடித்த அந்த இடத்தை மீண்டும் எட்ட அவர்களுக்கு 22 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மதுப்பழக்கத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்து 2014-இல் மருத்துவமனையில் கிடந்த டெரிக் விப்லிதான் இதைப் பாடியவரும் தயாரித்தவரும் என்பதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

நீக்கலாம் என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்று: ரோலிங் ஸ்டோன்ஸின் 'பெயின்ட் இட் பிளாக்'கை மறுபடி பாடியிருப்பது. எத்தனையோ பேர் கைபட்ட அந்தப் பாட்டில் இவர்கள் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. எஞ்சிய 19-இல் எவை மிகை என்று கட்டுரையாளர் பெயர் சொல்லி எழுதினால், பாடல் பாடலாக விவாதிக்க நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்