வள்ளி கும்மிக்குப் பத்து நிமிஷம் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட்டமாக நின்று கைதட்டி, வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடுவது வள்ளி கும்மி. கொங்கு நாட்டில் இப்போது அது இல்லாத கோயில் நோம்பியை (திருவிழாவை)ப் பார்ப்பது அரிது. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஊருக்கு ஊர் அம்மாவும் மகளும் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். மனசு நிறைகிறது. ஆனால் அழைக்கிறவர்களில் பலர் இதை வரவேற்பு நடனமாக நினைத்து, "ரெண்டு பாட்டு போதுமுங்க, பத்து நிமிஷம்" என்கிறார்கள். ஆட்டம் கெடுவது அங்கேதான்.

வள்ளி கும்மி ஒரு முழுக்கதை. கிழங்கு தோண்டிய குழியில் பிள்ளை கிடைக்க, வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். அந்த வள்ளி தினைப்புனத்தில் பரணேறிக் கிளி விரட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து மிரட்டிய பிறகே கல்யாணம் கூடுகிறது. விடிய விடிய ஆடிய கதை இது. இரண்டு மணி நேரமாவது வேண்டும். நேரம் சுருங்கினால் முதலில் வெட்டுப்படுவது தினைப்புனம். தினையும் கம்பும் சோளமும் விளைந்த மானாவாரிச் சீமையின் காட்டுக் காவல் முழுக்க அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. கிளி விரட்டும் ஆலோலப் பாட்டைப் பாடும்போது பரண் எது, கவண் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கவணில் கல் வைத்துச் சுழற்றுவதைத் தெரிந்துகொண்ட பிள்ளையின் கை வேறு மாதிரி சுழலும்.

அடுத்த கேடு வேகம். குனிந்து முழங்காலருகே ஒரு தட்டு, நிமிர்ந்து நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டு என்று ஆடுகிற இடத்தில் தாளத்தை முடுக்கிவிட்டால், குனிய நேரம் இருக்காது. இடுப்பு அசையாமல் கை மட்டும் தட்டும். அது கும்மியாகாது. பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடுவதும் இதே கோளாறுதான். வட்டம் தடுமாறும்போது கும்மி ஆசிரியர் பாட்டின் ஓரடியைத் திருப்பிப் பாடித் தூக்கி நிறுத்துவார். பென் டிரைவ் அதைச் செய்யாது.

இடத்தையும் கணக்குப் போட்டுத்தான் ஒதுக்க வேண்டும். ஆளுக்கு மூன்றரை அடி வைத்தால் 50 பேருக்கு 175 அடிச் சுற்று, குறுக்கே சுமார் 56 அடி. மேடையில் இதற்கு இடம் ஏது? நெருக்கி நிறுத்தினால் திரும்பும் அடியில் முழங்கை இடிக்கும். ஆயிரக்கணக்கானோர் ஆடும் நிகழ்ச்சிகளில் கைத்தட்டு சிதறிக் கேட்பதற்கு ஆட்டக்காரர்களைக் குறை சொல்லக் கூடாது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடிதான் போகும். ஸ்பீக்கரை ஒரு மூலையில் கட்டினால், 110 அடி தள்ளி நிற்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு வினாடி பிந்திச் சேரும். அவர் கேட்டதற்குச் சரியாகத்தான் தட்டுகிறார், சபைக்குத்தான் இரட்டைத் தட்டாகக் கேட்கிறது. ஆசிரியர், மேளம், ஸ்பீக்கர் மூன்றும் வட்டத்தின் நடுவில் இருந்தால் ஒரு சுற்றில் நிற்கும் எல்லோருக்கும் ஒன்றாகக் கேட்கும்.

மண்டபத்து டைல்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வை சொட்டினால் வழுக்கும். சிமென்ட் தளத்தில் இரண்டு மணி நேரம் குதித்து ஆடினால் குதிகாலும் முழங்காலும் மறுநாள் எழவிடாது. கோயில் வாசல் மண்ணில் கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். அதிகமாகத் தெளித்தால் சேறாகிவிடும்.

நோம்பிக் கமிட்டியாருக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே கும்மி ஆசிரியரை வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் நிகழ்ச்சி நிரல் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.