செல்களுக்கு உறை பூட்டும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஆய்வகத்துக்காரன் இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய்க்காரன். இன்சுலின் சுரக்கும் செல்களுக்கு மெல்லிய உறை போட்டு உடலுக்குள் வைத்தால் ஊசியிலிருந்து விடுபடலாம் என்ற நம்பிக்கையில் உங்கள் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவன். ஒரே கோரிக்கைதான். உறை போட்ட செல் உயிரோடு இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது வேலை பார்க்கிறதா, எத்தனை நாள் பார்க்கிறது என்பதையும் எழுதுங்கள்.

நீங்கள் உறை போட்டுப் பார்க்கும் ஈஸ்டையே எடுத்துக்கொள்வோம். அந்தச் செல் சுமார் 5 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் முதலில் நேர்மின்னூட்டப் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு), அப்புறம் எதிர்மின்னூட்டப் பாலிமர் என மாற்றி மாற்றி அடுக்குகிறீர்கள். சிலர் அதன்மேல் சிலிக்காவையும் படிய வைக்கிறீர்கள், டயாட்டம் பாசியின் கண்ணாடி ஓட்டைப் போல. அருமையான வேலை, மறுக்கவில்லை. கடைசியில் ஒரு படம் வரும்: கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் செல்கள். சரி, அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்? செல்லுக்குள் இருக்கும் நொதி நீங்கள் சேர்த்த சாயத்தை வெட்டி ஒளிர வைக்கிறது, சவ்வு கிழியவில்லை, அவ்வளவுதான். அந்தச் செல் இனி மொட்டு விட்டுப் பெருகுமா என்று படம் சொல்லாது. நேர்மின்னூட்டப் பாலிமர்கள் சவ்வைத் துளைக்கக்கூடியவை என்பது நீங்கள் அறியாததா? ஈஸ்டுக்காவது செல்சுவர் உண்டு. மனிதச் செல்லுக்கு அதுவும் கிடையாது.

1980இல் லிம், சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணையத் திட்டுகளை, அதாவது இன்சுலின் சுரக்கும் செல்கூட்டங்களை, ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழ்ப்பொருளால் ஆன உறையில் பொதிந்து, சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குள் வைத்தார்கள். இரண்டு மூன்று வாரம் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இப்படிப்பட்ட உறை வழியாகக் குளுக்கோஸும் ஆக்சிஜனும் உள்ளே போக வேண்டும், இன்சுலின் வெளியே வர வேண்டும், நோயெதிர்ப்புச் செல் மட்டும் நுழையக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் அந்த உறையையே அந்நியப் பொருளாக எண்ணி, அதைச் சுற்றி நார்த்திசுவைப் போர்த்திவிடுகிறது. ரத்தக்குழாயிலிருந்து 200 மைக்ரான் தள்ளிப்போனாலே செல்லுக்கு ஆக்சிஜன் சரியாக எட்டாது. காவல் பலமாக இருக்க, உள்ளே இருப்பவை மூச்சுமுட்டிச் சாகின்றன.

ஆகவே குளுக்கோஸ் ஏறியதும் எத்தனை நிமிடத்தில் இன்சுலின் வெளிவந்தது என்று எழுதுங்கள். தாமதமாக வரும் இன்சுலின் எங்களைத் தாழ்சர்க்கரையில் தள்ளிவிடும். மாதக்கணக்கில் உடலுக்குள் இருந்த உறையை வெளியே எடுத்து, பிரித்து, உள்ளே என்ன மிஞ்சியது என்று காட்டுங்கள். தோற்றுப்போன உறைகளின் கலவையையும் மறைக்காமல் வெளியிடுங்கள். அடுத்த ஆய்வகம் அதையே திரும்பச் செய்து காலத்தை வீணாக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு வாசகன்