ஓன்போர்டு (சொந்த உபயோக) காருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த அனுமதி வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்
வாகன உரிமையாளர்
(பெயர், முகவரி, வண்டி எண் ஆகியவை இணைத்துள்ள ஆர்.சி. நகலில் உள்ளபடி)

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: சொந்த உபயோகக் காரில் ஸ்பீடு கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 80 கி.மீ. அளவில் பொருத்தவும், அதை ஆர்.சி.யில் பதிவு செய்யவும் அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. நவம்பர் மாதம் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்த மனு (ஒப்புகைச் சீட்டு உள்ளது). 2. பிப்ரவரியில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கைக்காக நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் மனுவுக்குச் சீட்டு கிடைத்தது. இரண்டாவது மனு தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாததல்ல. நானும் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பேருடைய மனுக்களுக்குப் பதில் கடிதம் அடித்த கை இது. அதனால்தான் பதிலே வராமல் இருப்பது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. கீழ்க்கண்ட விவரங்களைத் தாங்களே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

1. வண்டி 2016-ல் என் கணவர் வாங்கிய டீசல் கார், ஓன்போர்டு. அவர் காலமான பின் தங்கள் அலுவலகத்தில்தான் ஆர்.சி. என் பெயருக்கு மாறியது. அந்த வேலை பத்தே நாளில் முடிந்தது; இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். இப்போது ஓட்டுவது என் மகன். வயது 26. உரிமம் நடப்பில் உள்ளது.

2. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி வர வேண்டும் என்பது விதி. எங்கள் வண்டி அதற்கு முந்தையது. அந்த ஒலிகூடக் கிடையாது. க்ரூஸ் கன்ட்ரோல் இல்லையா என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அது வைத்த வேகத்திலேயே வண்டியைக் கொண்டு செலுத்துவது. நான் கேட்பது, வைத்த வேகத்துக்கு மேல் போக விடாத கருவி.

3. பேருந்திலும் லாரியிலும் இருக்கும் கவர்னரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வண்டியில் ஆக்ஸிலரேட்டருக்குக் கேபிள் இல்லை. பெடலில் இருந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்கு ஒயர்தான் போகிறது. அந்த ஒயரின் நடுவே உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று உட்காரும் என்று பொருத்துபவர் எடுத்துக் காட்டினார். வண்டியின் வேக சென்சாரில் இருந்து அது கணக்கு எடுத்துக்கொள்ளும். 80 வந்துவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் எஞ்சினுக்குத் தகவல் போகாது. பிரேக்கில் கை வைப்பதில்லை, ஸ்டியரிங்கில் கை வைப்பதில்லை. கடைசியில் யாரும் பிரிக்காதபடி சீல் வைப்பார்கள். எனக்கு அந்த சீல்தான் வேண்டும் ஐயா.

4. அங்கீகாரம் பெற்ற பொருத்துநர்கள் மூன்று பேரிடம் போனேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "டி போர்டுக்குத்தாம்மா போடுவோம். ஓன்போர்டுக்குப் போட்டா ஆன்லைன்ல சர்டிபிகேட் ஏறாது. ஆர்.டி.ஓ. லெட்டர் வாங்கிட்டு வாங்க." தங்கள் கவுன்ட்டரில் கேட்டேன். "ஓன்போர்டுக்கு ரூல் இல்லம்மா, கார் கம்பெனியில கேளுங்க" என்றார்கள். கம்பெனி சர்வீஸில், "ஒயரிங்கை வெட்டினா நாங்க பொறுப்பில்ல. ஆர்.டி.ஓ. எழுதிக் கொடுத்தா பார்க்கலாம்" என்றார்கள். இன்சூரன்ஸ் கிளையில், "ஆர்.சி.யில ஏத்திட்டு வாங்க, இல்லன்னா நாளைக்கு க்ளெய்ம்ல சிக்கல் வரும்" என்றார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் தங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறேன். அந்த மேசையில் என் மனு நவம்பரில் இருந்து கிடக்கிறது.

பைபாஸ் ஓரத்தில் ஒரு எலக்ட்ரீஷியன், லெட்டரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அரை மணி நேரத்தில் போட்டுத் தருகிறேன் என்றார். எந்த முத்திரையும் இல்லாத பெட்டி. வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். பெடல் ஒயரில் தரமில்லாத ஒன்றைச் சொருகி, நடு ரோட்டில் வண்டி இழுக்காமல் போய், பின்னால் லாரி வந்தால்? சோதனை செய்த கருவி, தெரிந்தவர் கையால், சட்டப்படி பொருத்தியதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை மாதம் அலைகிறேன்.

5. இதற்கு ஏன் இத்தனை பாடு என்று தங்களுக்குத் தோன்றலாம். மகனுக்கு ஆலையில் இரண்டாம் ஷிப்ட். இரவு 11 மணிக்கு முடியும். கடைசிப் பேருந்து 10.20-க்கே போய்விடுவதால் காரை விட்டால் வேறு வழியில்லை. வண்டியை எடுக்கும்போது எனக்குப் போன் செய்வான். அங்கிருந்து எங்கள் வாசல் 41 கிலோமீட்டர். சாலை தாங்கள் அறிந்ததே: நான்கு வழிச்சாலை, பாதியில் ரயில்வே மேம்பாலம், கடைசியில் ஊருக்குள் ஆறு வேகத்தடை. வழி முழுக்க 80-லேயே வந்தால்கூட 31 நிமிடம் ஆகும். ஊருக்குள் மெதுவாக வருவதையும் சேர்த்தால் நாற்பது நிமிடம் ஆக வேண்டும்.

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போன் வந்த நேரத்தையும் கேட் திறந்த நேரத்தையும் எழுதி வைக்கிறேன். கட்டாகச் சேர்த்து இந்த மனுவோடு இணைத்திருக்கிறேன். 29 நிமிடம். 27. 27. 26. மறுபடியும் 27. நாற்பத்தோரு கிலோமீட்டரை 27 நிமிடத்தில் கடந்தால் சராசரியே 91. ஆறு வேகத்தடையையும் சேர்த்துச் சராசரி 91 என்றால், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவில் வந்திருப்பான்? ஒரு கேமரா அதற்கும் விடை சொல்லிவிட்டது. சலானில் 112 என்று இருந்தது.

பிள்ளை வர நேரமானால் பெற்ற வயிறு கலங்கும் என்பார்கள். எனக்கு அவன் சீக்கிரம் வந்தால் கலங்குகிறது. கேட் சத்தம் கேட்டதும் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அப்புறம்தான் அவன் முகத்தை.

ஜனவரியில் ஒரு இரவு 52 நிமிடம் ஆனது. இன்றைக்காவது நிதானமாக வருகிறானே என்று நிம்மதியாக இருந்தேன் ஐயா. வண்டி வந்து நின்றது. விளக்கு அணையவில்லை, அவனும் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தன. மேம்பாலம் இறங்கும் இடத்தில் நடுத்தடுப்பு உடைந்து வழியாகிப் போயிருக்கிறதே, தாங்களும் பார்த்திருப்பீர்கள், அதன் வழியே ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்திருக்கிறார். இவன் பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறான். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றதாம். கேரியரில் இருந்து விழுந்த தூக்குவாளியை அவர் எடுத்து, உருண்டு போன மூடியைத் தேடிப் பிடித்து, வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். "என்னைத் திட்டவே இல்லம்மா அவர்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதன் பிறகு ஓரமாக நிறுத்திவிட்டு, நடுக்கம் நின்ற பிறகுதான் வண்டியை எடுத்திருக்கிறான். அப்போது வேகமுள் எவ்வளவில் இருந்தது என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். அதுதான் எனக்கு வந்த பயத்திலேயே பெரிய பயம்.

மறுநாள் காலையில் அவனே வந்து, "வண்டிக்கு ஒரு பூட்டு போட்டுடுங்கம்மா" என்றான். ஓட்டுகிறவனே கேட்கிறான் ஐயா. இந்த மனுவில் அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

6. "பையனுக்குப் புத்தி சொல்லுங்கம்மா, எதுக்கு கருவி" என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். சொல்லாமலா இருப்பேன்? அழுதும் சொன்னேன், சத்தியம் வாங்கியும் பார்த்தேன். ஒரு வாரம் நிற்கும். எட்டு மணி நேரம் மெஷின் முன் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, ஆள் இல்லாத சாலையில், கண்ணாடி ஏற்றிய காருக்குள் வேகம் உறைப்பதில்லை. கால் தானாக இறங்கிவிடுகிறது. கைப்பேசியில் எச்சரிக்கை ஒலி தரும் செயலியும் போட்டுப் பார்த்தோம். பத்து நாளில் காது பழகிவிட்டது.

பேருந்து ஓட்டுநர் பேட்ஜ் வாங்கியவர், வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர். அவரிடம் புத்தி சொல்லிவிட்டு விட்டுவிடுகிறீர்களா? 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 118-வது விதியைக் காட்டி அவர் வண்டியை 80-ல் பூட்டச் சொல்கிறீர்கள். பள்ளிப் பேருந்துக்கு 60 என்கிறது அதே விதி. எஃப்.சி.க்கு வரும்போது சீல் இருக்கிறதா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்க்கிறார். அவர்களுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுக்கும் பாதுகாப்பை, வலிய வந்து கேட்கும் எனக்கு ஏன் மறுக்க வேண்டும்?

அவசரத்துக்கு ஓவர்டேக் செய்ய முடியாதே என்றார் இன்னொருவர். 80-க்குள் முடியாத ஓவர்டேக்கை அவன் செய்யவே வேண்டாம்.

7. 112-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 31 மீட்டர் போய்விடுகிறது. 80-ல் 22 மீட்டர். மோதினால் வெளிப்படும் ஆற்றல் 80-ஐவிட 112-ல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தப் பெரியவருக்கும் வண்டிக்கும் நடுவே இருந்தது ஒரு முழம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையில், நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும் அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அதிவேகத்தால் என்றும் இருக்கிறது. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும், வேக வரம்பைத் தாண்டினால் ஓட்டுநரை எச்சரிக்கும் வேக உதவி ஏற்பாடு கட்டாயம். அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை. ஒரு வண்டி. என் வண்டி.

8. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ன்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்று ஒரு எழுத்தர் சொன்னார். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றுதானே அந்தப் பிரிவு சொல்கிறது? இந்தக் கருவியால் எஞ்சின் மாறவில்லை, எரிபொருள் மாறவில்லை, இருக்கை மாறவில்லை, எடை மாறவில்லை. கேஸ் கிட் போட்டால் ஆய்வு செய்து ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறீர்கள். கால் இயலாதவர்கள் கையால் பிரேக் போடும்படி மாற்றிய வண்டிகளுக்கும் வழி இருக்கிறது. தனியார் காருக்குக் கட்டாயம் இல்லை என்றுதான் விதியில் உள்ளது, கூடாது என்று எங்கே இருக்கிறது? இருந்தால் அந்த வரியைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். எட்டு தடவை வந்திருக்கிறேன் ஐயா. ஒவ்வொரு தடவையும் "செக்‌ஷன்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். எனக்கு அடுத்த வாரம் என்பது ஆறு இரவு. அந்த ஆறு இரவையும் நாற்காலியில் உட்கார்ந்து எண்ண வேண்டியது நான்தான், செக்‌ஷன் இல்லை.

மரியாதைக் குறைவாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடித்து எழுத மனம் வரவில்லை.

9. எனவே ஐயா, அங்கீகாரம் பெற்ற பொருத்துநர் ஒருவர் என் வண்டியில் 80 கி.மீ. அளவில் ஸ்பீடு கவர்னர் பொருத்தலாம் என்று ஒரு கடிதம் தாருங்கள். அனுமதியே தேவையில்லை என்றால், தேவையில்லை என்று எழுதித் தாருங்கள். அந்த ஒரு வரி போதும், பொருத்துநரும் சர்வீஸ் நிலையமும் அதைத்தான் கேட்கிறார்கள். பொருத்திய பின் ஆய்வாளர் பார்த்து ஆர்.சி.யில் பதிந்து கொடுத்தால் இன்சூரன்ஸ் சிக்கலும் தீரும். கட்டணம் எதுவாக இருந்தாலும் கட்டுகிறேன். முடியாது என்பதுதான் முடிவு என்றால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், மேலே யாரிடம் போக வேண்டுமோ போய்க்கொள்கிறேன். பதில் இல்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

புதன்கிழமை மகனுக்கு வார விடுப்பு. அன்று வண்டி வீட்டில்தான் நிற்கும். கொண்டு வரச் சொன்னால் காலை பத்து மணிக்கே இருவரும் வண்டியோடு தங்கள் அலுவலக வாசலில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாகன உரிமையாளர் (கையொப்பம்)
வண்டியை ஓட்டும் மகன் (கையொப்பம்)

இணைப்பு: ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், ஒப்புகைச் சீட்டு நகல், சலான் நகல், நேரம் குறித்த நாள்காட்டித் தாள்கள் 40.