அம்மாவின் சோடியம் பற்றி நண்பனுக்கு

வாலிநோக்கம்

அன்பு நண்பனுக்கு,

வயிற்றுப்போக்கில் தளர்ந்து, பிதற்றி மயங்கி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட உன் அம்மா கண் விழித்து உன்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகே என் மனம் அமைதியடைந்தது. இங்கே வெயில் கடுமை. பாத்திகளில் உப்பு வாரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாத்திகளிலேயே உழைத்து உன்னை வளர்த்தவருக்கு இரத்தத்தில் உப்புக் குறையுமா என்று நீ கேட்டிருந்தாய். மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இரத்தத்தில் உப்பின் ஒரு கூறான சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 118 என்று எழுதியிருக்கிறாய். அந்த எண் உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. இருக்கும் நீருக்கு எவ்வளவு உப்பு என்பதையே காட்டுகிறது. வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் சேர்ந்து வெளியேறின. ஆனால் அம்மா தாகத்துக்குக் குடித்ததெல்லாம் வெறும் தண்ணீரும் உப்பில்லாக் கஞ்சியும். உடலில் நீர்மம் குறையும்போது மூளையிலிருந்து சுரக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தை நீரைப் பிடித்துவைக்கச் செய்வதால், குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி இரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்தது. இரத்த அழுத்தத்துக்காக அவர் நாள்தோறும் விழுங்கிவந்த நீர் மாத்திரையும் சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றக்கூடியது. வயதானவர்களுக்குச் சோடியம் குறைவதற்கு அந்த மாத்திரை அடிக்கடி காரணமாகிறது என்பதை வீட்டில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சோடியத்தை ஏன் உடனே ஏற்றவில்லை என்று நீ வருந்தியிருந்தாய். நீர்த்த இரத்தத்திலிருந்து நீர் மூளையின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லாததால்தான் அந்தப் பிதற்றலும் மயக்கமும். ஓரிரு நாட்களில் அந்த உயிரணுக்கள் தம்முள் கரைந்திருக்கும் பொருட்களை வெளியே தள்ளி வீக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் சோடியத்தை வேகமாக உயர்த்தினால் நீர் திடீரென வெளியேறி, நரம்புகளைச் சூழ்ந்த உறை சிதைந்து, கைகால் செயலிழக்கவும் கூடும். ஆகவேதான் ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்கிறார்கள். உன் மருத்துவர்கள் செய்தது சரியே.

அம்மா ஆழமாக மூச்சு வாங்கியதற்கும் காரணம் உண்டு. வயிற்றுப்போக்கில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் வெளியேறும்போது இரத்தம் அமிலத் தன்மையை நோக்கிச் சாய்கிறது. கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்றி நுரையீரல் அதைச் சரிசெய்ய முயல்கிறது.

இனி வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் முதல் நாளே ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் குறித்த அளவு தண்ணீரில் கரைத்துக் கொடு. ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். குடலில் குளுக்கோஸ் சோடியத்தையும் சேர்த்து உள்ளே கொண்டுசெல்ல, நீர் அதைப் பின்தொடர்கிறது. அதிலுள்ள சிட்ரேட் அமிலத்தன்மையைத் தணிக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டு எத்தனையோ உயிர்களைக் காத்தார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு; ஆகவே அது இதற்கு ஈடாகாது.

வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த நீர் மாத்திரையைத் தொடர வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மறுபடி எப்போது சோடியம் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். அம்மாவுக்குப் பிடித்த கருவாடு எடுத்துவைத்திருக்கிறேன். மருத்துவர் சம்மதித்த பிறகு அனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்