தங்கம் விலை போடும் பக்கத்தில் காய் விலையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காய்கறி விலை ஏறிவிட்டது, இல்லத்தரசிகள் அதிர்ச்சி என்று பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த அதிர்ச்சியைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, கடையில் பையை நீட்டும்போதே கிடைத்துவிடுகிறது. விலை ஏறினால் என்ன செய்வது, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த மாதம் எது மலிவாகக் கிடைக்கும், எது சும்மாவே கிடைக்கும் என்று மட்டும் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறீர்கள். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

நான் நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்து தையல் வேலை பார்க்கிறவள். பிறந்த ஊர் அருமனைப் பக்கம். ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம், பருப்பும் எண்ணெயும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அதனால் மாதக் கடைசியிலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பதில்தான் இழுபறி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராமாவது பழமும் காயும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு நாளைக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ ஆகிறது. தெருமுனைக் கடையில் அதை வாங்கினால் வீட்டு வாடகையோடு போட்டி போடும். அதனால் என்ன நடக்கிறது என்றால், புளிக்கறியும் அப்பளமும், இல்லாவிட்டால் ரசமும் ஊறுகாயும் என்று ஒப்பேற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும் மாத்திரை வாங்க ஓடுகிறோம்.

வடசேரியில் உழவர் சந்தை இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்கள் குறைவு. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்த நாளிலிருந்து ஏற்பாடு ஒன்றுதான்: அடையாள அட்டை உள்ள விவசாயி கடைக்கு வாடகை கொடுக்க வேண்டாம், தராசு அங்கேயே தருவார்கள், இடைத்தரகு கிடையாது, அன்றன்றைக்கு விலையை நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். மொத்த விலைக்குச் சற்று மேலேயும் கடை விலைக்குக் கீழேயும் இருக்கும்படிதான் அந்த விலை. காலையில் சீக்கிரம் போனால் நல்ல காய், வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல விலை. பறித்த கீரையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக எந்த விவசாயியும் விரும்ப மாட்டார். ஒரு கட்டு விலைக்கு இரண்டு கட்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள். முதல் வியாபாரத்தில் போய்ப் பேரம் பேசாதீர்கள், அது அவர்களுக்கும் பிடிக்காது, நியாயமும் இல்லை.

கனகமூலம் சந்தை, அப்டா மார்க்கெட் மாதிரி இடங்களில் நான் தேடுவது கூறு. அடிபட்ட தக்காளி, வளைந்த முருங்கைக்காய், குலையிலிருந்து உதிர்ந்த பழம் எல்லாவற்றையும் எடை போடாமல் கூறு கட்டி வைத்திருப்பார்கள். உதிரிப் பழத்தில் என்ன குறை? தோல் கறுத்திருந்தால் உள்ளே பழுத்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். நசுங்கிய தக்காளியை அன்றைக்கே உப்புப் போட்டு வதக்கி வைத்தால் இரண்டு மூன்று நாளைக்குக் குழம்புக்கு ஆகும். ஆனால் பச்சை பிடித்து முளை விட்ட உருளைக்கிழங்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அது விஷம். பூஞ்சை பிடித்த பழத்தையும் வெட்டிப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சிலர் இதையெல்லாம் கழிவு என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இனி சக்கை, அதாவது பலா விஷயம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில் (தோட்டங்களில்) சித்திரை, வைகாசி, ஆனியில் நடந்து பாருங்கள், மழை பெய்து சக்கை விழுந்து அழுகி ஈ மொய்த்துக் கிடக்கும். பலாதான் தமிழ்நாட்டின் மாநிலப் பழம், கேரளமும் 2018-இல் அதையே மாநிலப் பழமாக அறிவித்தது, ஆனால் பட்டம் கொடுத்ததால் பறிக்க ஆள் வந்துவிடவில்லை. காரணம் கூலி. உயரமான மரத்தில் ஏறிக் கயிறு கட்டி இறக்க ஒரு ஆளைக் கூப்பிட்டால் சக்கை விற்ற காசைவிடக் கூலி அதிகம். சுளை கெட்டியான வருக்கையாக இருந்தால் யாராவது வந்து கேட்பார்கள். சுளை குழைந்திருக்கும் கூழன் மரத்தை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் வயசானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ, அப்புறம் யார் சக்கை வெட்டி அரக்குத் (பிசுபிசுப்புப் பால்) துடைத்துக்கொண்டு உட்காருவது?

அதே நேரத்தில் 30 கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் ஒரு துண்டுச் சக்கையை பாலித்தீனில் சுற்றி விற்கிறார்கள், நாங்கள் விலை கேட்டுவிட்டு நகர்கிறோம். எனக்குத் தீராத கோபம் இதில்தான். ஒரு சக்கை என்றால் ஒரு வேளைச் சாப்பாடு இல்லையே. பிஞ்சாக இருக்கும்போது இடிச்சக்கைத் துவரன் (பொரியல்), விளைந்த காயாக இருந்தால் அவியல், இல்லாவிட்டால் தேங்காய் அரைத்துப் போட்டுப் புழுக்கு, அது ஒரு நேரத்துச் சோற்றையே மிச்சப்படுத்தும். பழுத்தால் சுளை. சக்கைக்குருவை (பலாக்கொட்டையை) செம்மண்ணில் புரட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, கர்க்கடக (ஆடி) மழையில் காய் வராத நாளில் தீயல் குழம்புக்கு அதுதான் கை கொடுக்கும். ஆயினிச்சக்கையும் (காட்டுப்பலா) சீமைச்சக்கையும் (கறிப்பலா) அப்படித்தான், தெரிந்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். வாழைக் குலை வெட்டிய பிறகு சாய்த்துப் போடும் வாழையில் தண்டு இருக்கிறது, அதைக் கேட்டால் ‘எடுத்துக்கொண்டு போ பிள்ளே’ என்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். முருங்கைக்கீரை, தவசிக்கீரை, பப்பாளிக்காய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், அங்கே கீரை பறிக்கக் கூடாது. சாக்கடை ஓரத்திலும் கூடாது. சாலையோரப் புளியமரம் அரசு மரம்தானே என்று உலுக்கவும் வேண்டாம், மகசூலை ஏலம் எடுத்தவர் சண்டைக்கு வருவார்.

இதெல்லாம் ஏழைச் சாப்பாடு என்று இப்போது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும் முன்பு நம் மாவட்டம் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர் விசாகம் திருநாள் மகாராஜா, 1880 முதல் 1885 வரை ஆண்டவர். 1942-இல் பர்மாவை ஜப்பான்காரன் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றுபோனபோது இந்த ஜனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அந்தக் கிழங்குதான். இப்போது அதையே ஹோட்டலில் மீன்கறியோடு வாழையிலையில் வைத்து விலை போட்டு விற்கிறார்கள், அங்கே கௌரவம் குறைவதில்லை! (வீட்டில் வேகவைக்கும்போது மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு.)

விலை எப்போது இறங்கும் என்பதற்கும் நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது, வியாபாரிக்குத் தெரியும், வாங்குகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. ஓணத்துக்கு முன்னால் லாரி லாரியாகக் காய் கேரளத்துக்குப் போகும், ஏத்தன் (நேந்திரன் வாழை) குலை பக்கத்தில் போக முடியாது. ஓணம் கழிந்த வாரம் அதே ஏத்தன் கேட்பாரில்லாமல் கிடக்கும். ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வாழை சாய்ந்தால் முற்றாத குலைகள் சந்தைக்கு வரும், பழுக்க வைக்க முடியாது, கறிக்கு நன்றாக இருக்கும், விலையும் குறைவு. அந்த விவசாயி நஷ்டத்தில்தான் விற்கிறார் என்பதையும் மறக்க வேண்டாம், அங்கே பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்து வாங்கலாம். பொங்கல் முடிந்த மறுநாள் சிறுகிழங்கும் சேனையும் பனங்கிழங்கும் விலை இறங்கும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள் அதிகம், மரக்கறி விலை கூடும், அப்போது கிழங்கில் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்தி ஏலம் அது, ஒரு பூசணிக்காய் ஆயிரத்தைத் தாண்டினாலும் தாண்டும்.

உண்மையில் தடையாக இருப்பது கூச்சம். விளை வைத்திருக்கிறவருக்கு அழுகுகிற சக்கையை யாராவது எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷம், முற்றம் சுத்தமாகும். எங்களைப் போன்றவர்களுக்கு முன்பின் தெரியாத வீட்டுப் படியேறிக் கேட்க முடியவில்லை. முன்பு மீன் விற்க வரும் அம்மாமார் கடவத்தோடு (ஓலைப் பெட்டியோடு) வந்து மீனைக் கொடுத்துவிட்டு மரச்சீனியும் சக்கையும் வாங்கிப் போவார்கள், கடற்கரை வீட்டுக்கும் விளைக்காய் போய்ச் சேர்ந்தது, கேட்டவருக்கும் கொடுத்தவருக்கும் தலை குனிய வேண்டியிருக்கவில்லை. இப்போது மீன் வண்டியில் வருகிறது, காசு கைபேசியில் போகிறது, சக்கை மரத்தடியிலேயே கிடக்கிறது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தங்கம் விலை தினமும் போடுகிறீர்கள், நான் வாங்கப் போவதில்லை. ரப்பர் விலை, முட்டை விலை, தோவாளைப் பூ விலை எல்லாம் வருகிறது. அந்தப் பத்தியில் வடசேரி உழவர் சந்தை விலையையும் சேர்த்துப் போடுங்கள், பலகையில் எழுதியிருப்பதை உங்கள் நிருபர் காலையில் ஒரு படம் எடுத்தால் முடிந்தது. விலை தெரிந்தால் தெருக்கடையில் கேட்க எங்களுக்கும் ஒரு தைரியம் வரும்.

இன்னொன்று, வாடகைக்கு வீடு, விற்பனைக்கு நிலம் என்று வரி விளம்பரம் போடுகிற இடத்தில் சக்கைக் காலத்தில் மட்டும் கட்டணமில்லாமல் நாலைந்து வரி ஒதுக்குங்கள். ‘குலசேகரம் பக்கம் கூழன் சக்கை உண்டு, ஏறிப் பறித்தால் பாதி உங்களுக்கு’ என்று விளைக்காரர் போடட்டும். மரம் ஏறத் தெரிந்தவர்கள் நகரத்திலும் இருக்கிறார்கள், பேருந்தில் போய் வர ஆகிற செலவு ஒரு சக்கையிலேயே கழிந்துவிடும், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது.

விலைப் பட்டியலை ஓணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டால் நல்லது. ஏத்தங்காயில் எங்களை ஏமாற்றுவது அந்த வாரத்தில்தான்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
நாகர்கோவில்.